மறுக்கும் உரிமையும் மகிழ்விக்கும் கலையும்: அண்ணாபாவ் சாத்தேயின் வாழ்வு

ஒருவரை மகிழ்விப்பது அன்பின் செயலாக இருக்கலாம்; அடிமைத்தனத்தின் செயலாகவும் இருக்கலாம். தாலாட்டுப் பாடும் தாயும் மகிழ்விக்கிறாள். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திருமணத்தில் கூலியின்றிக் கொட்டடிக்க அழைக்கப்பட்டவரும் மகிழ்விக்கிறார். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இன்று எனக்கு மனமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டா?

நமது சட்டங்கள் இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டதில்லை. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் துப்புரவுப் பணி செய்யவும், செத்த விலங்கை அகற்றவும், தோலுரிக்கவும் கட்டாயப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் புதைகுழி தோண்ட வைப்பதையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஆடிக் காட்டு, கொட்டடி, எங்களைச் சிரிக்க வை என்ற கட்டாயத்திற்குச் சட்டத்தில் தனிப்பெயர் இல்லை. கட்டாய உழைப்பு என்ற பொதுச்சொல்லுக்குள்ளும், அதையொத்த வேறு வேலை என்ற தொடருக்குள்ளும் அதை அடக்கிக் காட்ட வேண்டிய நிலையில்தான் வழக்கறிஞர்கள் இருக்கிறோம். செத்த மாட்டைச் சுமக்க வைப்பதில் உள்ள இழிவு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சிரித்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலையில் உள்ள இழிவு தெரிவதில்லை.

அந்த இழிவை உள்ளிருந்து அறிந்தவர், அதிலிருந்தே ஓர் ஆயுதத்தைச் செய்தவர் மராத்தியின் மக்கள் பாடகர் அண்ணாபாவ் சாத்தே. மகிழ்விப்பதே சாதிக்கடமையாக விதிக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, அக்கலையைத் தூக்கி எறியாமலும் அது இருந்தவாறே ஏற்காமலும் வாழ்ந்த அவருடைய 48 ஆண்டு வாழ்க்கை, மகிழ்வித்தல் என்பதன் பொருளையே விசாரணைக்கு உட்படுத்துகிறது.

ஹல்கியும் வருகைப் பதிவேடும்

துக்காராம் பாவ்ராவ் சாத்தே என்பது அவரது இயற்பெயர். இன்றைய மகாராஷ்டிரத்தின் சாங்க்லி மாவட்டத்தில், அந்நாளைய சாத்தாரா பகுதியைச் சேர்ந்த வாட்டேகாவ் என்னும் சிற்றூரில் 1920 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தார். மாங் சமூகத்தவர், இச்சமூகம் மாதங் என்றும் அழைக்கப்படுகிறது. கயிறு திரிப்பதும் துடைப்பம் கட்டுவதும் அச்சமூகத்திற்கு ஊர் விதித்த தொழில்கள். அவற்றோடு இன்னொன்றும் உண்டு. ஊரில் திருமணமோ திருவிழாவோ நடந்தால் ஹல்கி கொட்ட வேண்டும். நம் பறையைப் போலவே வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டப்பட்ட கருவி அது. நிகழ்ச்சியின் மகிழ்ச்சி ஹல்கி இல்லாமல் தொடங்காது. கொட்டுபவரோ மணப்பந்தலுக்குள் நுழைய முடியாது. ஊரின் களிப்பை உண்டாக்குபவர் அக்களிப்பில் பங்கு பெற முடியாதவராக வைக்கப்பட்டார் என்பதே சாதி வகுத்த மகிழ்விப்பின் முதல் விதி.

பிரித்தானிய அரசு இந்த இழிவின்மேல் மற்றொன்றைச் சுமத்தியது. 1871இல் கொண்டுவரப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பிடியில் அப்பகுதி மாங் மக்களும் சிக்கினர். ஊரை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். அதிகாரியின்முன் நின்று வருகையைப் பதிவு செய்ய வேண்டும். பகலில் கொட்டடித்து ஊரை மகிழ்வித்தவர், இரவில் திருடன் என்ற ஐயத்தின்கீழ் வருகைப் பதிவேட்டில் எண்ணாக நின்றார். அண்ணாபாவ் பின்னாளில் எழுதிய 'ஃபகீரா' நாவலில் இந்த வருகைப் பதிவின் அவமானம் விரிவாக இடம்பெறுகிறது.

முறையான பள்ளிக்கல்வி அவருக்குக் கிட்டவில்லை. பள்ளிக்குச் சென்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1930களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி அவரது குடும்பம் பம்பாய்க்குப் புறப்பட்டது. ரயில் கட்டணத்திற்கு வழியில்லை. வழியில் கிடைத்த வேலைகளைச் செய்து, கூலி பெற்று, உண்டு, மீண்டும் நடந்து, மாதக்கணக்கில் நீண்ட நடைப்பயணம் அது. பம்பாயில் சுமைகூலியாகவும், தெருவில் பொருள் விற்பவராகவும், ஆலைத் தொழிலாளியாகவும் அவர் வேலை செய்தார். கடைகளின் பெயர்ப்பலகைகளையும் திரைப்படச் சுவரொட்டிகளையும் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றார். மராத்தி இலக்கியத்திற்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை அளித்தவரின் அரிச்சுவடி, கேளிக்கைக்கான விளம்பரமாக இருந்தது.

தமாஷா யாருடையது?

தமிழில் நாம் வேடிக்கைப் பேச்சைத் தமாஷ் என்கிறோம். மராத்தியில் தமாஷா என்பது ஓர் அரங்கக் கலையின் பெயர். டோல்கியின் தாளத்தில் தொடங்கி, பிள்ளையார் வணக்கமான கண், கண்ணனும் இடைச்சியரும் தோன்றும் கவளண், லாவணிப் பாடல்கள், இறுதியில் வக் எனப்படும் நாடகக் கதை என்று அது வளரும். இடையிடையே சோங்காட்யா என்னும் கோமாளி வந்து சிரிப்பூட்டுவார். மராத்தியர் ஆட்சிக்காலத்தில் தஞ்சைக்கு வந்து தமிழில் வேரூன்றிய லாவணிக்கும் இதுவே மூல மரபு.

பேஷ்வாக்களின் காலத்தில் புனேவின் அரண்மனைகளிலும் படை முகாம்களிலும் தமாஷாவும் லாவணியும் செழித்தன. பாடல் இயற்றியோரில் பார்ப்பனரும் இருந்தனர். ஆடியும் பாடியும் கொட்டியும் உழைத்தவர்களோ பெரும்பாலும் மகர், மாங், கோலாட்டி சமூகத்தினர். ஆடும் பெண்ணின் உடல் மேடையில் கொண்டாடப்பட்டது. மேடைக்கு வெளியே அதே பெண் இழிந்தவளாக்கப்பட்டாள். கோமாளி அரசனைக் கேலி செய்யலாம். ஆட்டம் முடிந்ததும் ஊர்க் கிணற்றில் அவர் நீர் அள்ள முடியாது. மேடையில் வழங்கப்பட்ட அந்தச் சிறு சுதந்திரம் விடியும்வரைதான் செல்லும். பார்ப்பவர் விரும்பியபோது வழங்கி, விரும்பியபோது பறித்துக்கொள்ளும் சலுகைக்கு உரிமை என்று பெயர் சூட்ட முடியாது.

இந்நிலைக்கு எதிரான முதல் பெரும் குரல் அம்பேத்கர் இயக்கத்திலிருந்து எழுந்தது. செத்த விலங்கைச் சுமப்பதையும் ஊர்க்காவல் அடிமைத் தொழிலையும் கைவிடச் சொன்ன அவ்வியக்கம், தமாஷாவையும் கைவிடச் சொன்னது. தம் சமூகப் பெண்கள் பிறர் களிப்புக்காக ஆடுவதில் தன்மானம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. அதே வேளையில், 1930களில் அம்பேத்கரிய ஜல்சாக்கள் தோன்றின. நாசிக் பகுதியைச் சேர்ந்த பீம்ராவ் கர்டக் போன்றோர் தமாஷாவின் இசையையும் உரையாடலையும் வைத்துக்கொண்டு, ஆடும் பெண்ணையும் புராணக் கேலியையும் நீக்கி, கல்வி பற்றியும் கோயில் நுழைவு பற்றியும் பாடினர். மறுப்பு முதலில் வந்தது. மாற்றுக்கலை அதன் பின்னர் வந்தது. இந்த வரிசை முக்கியமானது. வேண்டாம் என்று சொல்லும் வலிமையைப் பெற்ற பிறகே ஒரு சமூகம் தன் கலையைத் தன் விருப்பப்படி மீண்டும் கையில் எடுக்கிறது.

அண்ணாபாவ் இதற்கு இணையான, ஆனால் வேறொரு பாதையில் நடந்தார். ஊரில் உறவினர் பாபு சாத்தே நடத்திய தமாஷா குழுவில் சேர்ந்து அக்கலையின் நுணுக்கங்களைக் கற்றார். நல்ல குரல், அபாரமான நினைவாற்றல், கருவிகளில் தேர்ச்சி, கூட்டத்தின் நாடித்துடிப்பை அறியும் திறன் ஆகியவை அவரிடம் சேர்ந்திருந்தன. கூட்டம் எப்போது சிரிக்கிறது, எதைக் கண்டு சிரிக்கிறது, யாரைக் கண்டு சிரிக்க அஞ்சுகிறது என்பதை அவர் அங்கேதான் பயின்றார்.

கொசுக்களிலிருந்து தொடங்கிய பாடல்

பம்பாய் திரும்பிய அண்ணாபாவின் அரசியல் மாட்டுங்கா தொழிலாளர் முகாமில் உருப்பெற்றது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் குடியேறிய தாராவியை ஒட்டிய பகுதி அது. மகாடு போராட்டத்தின் அமைப்பாளர்களுள் ஒருவராக இருந்து பின்னர் கம்யூனிஸ்டான ஆர். பி. மோரே போன்றவர்களின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அவரது தொடக்ககாலப் பாடல்களுள் ஒன்று அம்முகாமின் கொசுக்களைப் பற்றியது என்று சொல்லப்படுகிறது. கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். ஆனால் கொசுவைப் பற்றிய பாடல் சாக்கடையைப் பற்றிய பாடல்தான். சாக்கடையைப் பற்றிய பாடல் நகராட்சியைப் பற்றியதும்தான். தம்மைக் கடிப்பது எது என்று முகாம் மக்கள் கூடிச் சிரித்தபோது, அச்சிரிப்புக்குள் ஒரு குற்றச்சாட்டு உருவாகியிருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது ஸ்டாலின்கிராட் முற்றுகையைப் பற்றி அவர் ஒரு போவாடா இயற்றினார். வீரர்களின் புகழைப் பாடும் நெடும்பாடல் போவாடா. மன்னர்களுக்காகவும் தளபதிகளுக்காகவும் பாடப்பட்ட அவ்வடிவம் செஞ்சேனையின் சாதாரணப் படைவீரனைப் பாடியது. வங்கப் பஞ்சத்தின் துயரையும் அவர் பாடலாக்கினார்.

1944இல் அமர் ஷேக், த. நா. கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்னும் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். அமர் ஷேக் சோலாப்பூர் மாவட்டத்தின் பார்ஷியைச் சேர்ந்த இசுலாமியர். ஒலிபெருக்கி வேண்டாத குரல் படைத்தவர். ஆலை வாயில்களிலும் உழவர் மாநாடுகளிலும் குடியிருப்பு முற்றங்களிலும் இக்குழு ஆடியது. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் இயக்கத்தோடும் அண்ணாபாவுக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது.

சிரிப்பின் திசை

தமாஷாவில் அண்ணாபாவ் செய்த மாற்றங்கள் எண்ணிக்கையில் குறைவு, விளைவில் பெரியவை. பிள்ளையார் வணக்கத்தின் இடத்தில் தாய்மண்ணையும் போராளிகளையும் உழைப்பவரையும் வணங்கும் பாடலை வைத்தார். இடைச்சியரை வழிமறித்துக் கேலி செய்யும் கவளண் பகுதியை நீக்கினார். பெண்ணுடலைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் வழக்கத்தை விட்டார். கோமாளியை மட்டும் நீக்கவில்லை. அவரைத்தான் இன்னும் வலிமையாக்கினார்.

அவரது நாடகங்களின் பெயர்களே அவற்றின் இலக்கைச் சொல்லிவிடும். 'அக்லேச்சி கோஷ்ட்' என்றால் அறிவின் கதை. 'ஷேட்ஜிச்சே இலெக்‌ஷன்' என்றால் செல்வந்தரின் தேர்தல். 'தேசபக்த் கோட்டாளே' என்ற பெயரில் கோட்டாளே குடும்பப்பெயராகவும் ஒலிக்கும், ஊழலையும் நினைவூட்டும். 'பேகாய்தேஷீர்' என்றால் சட்டவிரோதம். 'மூகி மிரவணூக்' என்றால் ஊமை ஊர்வலம். கடன் கொடுப்பவர், நிலக்கிழார், வாக்கு வேட்டைக்கு வரும் வணிகர், தேசபக்தியை மூலதனமாக்கிய தலைவர் ஆகியோர் மேடையில் சிரிப்புக்கு உள்ளாயினர்.

நகைச்சுவை எப்போதும் யாரோ ஒருவரை நோக்கிப் பாய்கிறது. சாதிச் சமூகத்தில் அதன் பாய்ச்சல் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கிறது. பேச்சு வழக்கு, உணவு, நிறம், குடியிருப்பு, பெயர் என எல்லாமே கேலிக்குப் பொருளாகின்றன. கேலிக்கு ஆளானவர் சினந்தால், விளையாட்டாகச் சொன்னதற்கு இவ்வளவா என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியில் இரண்டாவது அவமானம் ஒளிந்திருக்கிறது: உன்னைக் காயப்படுத்தியதோடு, அதை நீ ரசிக்கவும் வேண்டும். அண்ணாபாவ் இந்தப் பாய்ச்சலைத் திருப்பினார். கோமாளி இப்போது தன் இழிவைக் காட்டிச் சிரிக்க வைப்பதில்லை. தன்னை இழிவுபடுத்துபவரின் பேராசையையும் கோழைத்தனத்தையும் காட்டிச் சிரிக்க வைக்கிறார். தரையில் அமர்ந்திருந்த ஆலைத் தொழிலாளி தன் முதலாளியைப் பார்த்துச் சிரித்த இரவு, அவர் மனத்தில் முதலாளியின் உயரம் சிறிது குறைந்த இரவாகவும் இருந்திருக்கும். மறுநாள் வேலைநிறுத்தத்திற்குத் தேவையான துணிவின் ஒரு பகுதி அங்கே விளைந்தது.

அதிகாரம் இதை நன்கு புரிந்துகொண்டது. விடுதலைக்குப் பின் பம்பாய் மாகாண அரசு, ஆபாசத்தைக் காரணம் காட்டித் தமாஷாவுக்குத் தடை விதித்தது. கலைக்குழுவின் நிகழ்ச்சிகளும் தடைக்கு உள்ளாயின. இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்ட பெண்களின் உடல் பணக்காரர்களின் களிப்புக்குப் பயன்பட்டபோது ஒழுக்கம் பதறவில்லை. அதே மேடை கேள்வி கேட்கத் தொடங்கிய காலத்தில் ஒழுக்கம் விழித்துக்கொண்டது. தடையினால் அன்றாடச் சோற்றை இழந்தவர்கள் தமாஷாவை நம்பி வாழ்ந்த ஒடுக்கப்பட்ட கலைஞர்களே. அண்ணாபாவ் தம் படைப்புகளுக்கு லோகநாட்டியம், அதாவது மக்கள் நாடகம், என்று பெயரிட்டுத் தொடர்ந்து நடத்தினார். தமாஷாவுக்குத்தானே தடை, இது லோகநாட்டியம் அல்லவா என்ற வாதம் எந்த வழக்கறிஞரையும் பொறாமைப்பட வைக்கும்.

மும்பையும் மைனாவும்

பழைய வடிவத்தை எடுத்து அதன் பார்வையை மாற்றும் அவரது முறைக்கு இரண்டு பாடல்கள் சான்று. பம்பாய் நகரின் மினுமினுப்பை வியந்து பாடும் லாவணி மரபு ஏற்கெனவே இருந்தது. புகழ்பெற்ற லாவணிக் கவிஞர் பட்டே பாபுராவ் அவ்வாறு பாடியவர். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, மகர் சமூகத்தைச் சேர்ந்த பவளா என்னும் கலைஞருக்காகவும் தமாஷாவுக்காகவும் தம் சாதியை விட்டு வந்தவர் அவர். அண்ணாபாவும் மும்பையைப் பற்றி லாவணி இயற்றினார். அதில் மலபார் குன்றின் மாளிகைகளும் வருகின்றன; கிடைத்ததை உண்டு வியர்வை சிந்தும் பரேல் தொழிலாளர்களும் வருகின்றனர். நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவரை மகிழ்விக்கும் பாடலாக இருந்தது, அந்நகரைக் கட்டியவர் கணக்குக் கேட்கும் பாடலாக மாறியது.

மற்றொன்று, ஊரில் தங்கிவிட்ட மைனாவைப் பற்றியது. பிழைப்புக்காக மும்பைக்கு வந்த தொழிலாளி, கிராமத்தில் விட்டுவந்த மனைவியை நினைத்து உருகுகிறார். லாவணி என்றால் ஆணின் பார்வைக்குப் பெண்ணை அலங்கரித்து வைப்பது என்ற பழக்கத்தை அப்பாடல் தலைகீழாக்கியது. அதில் வரும் பெண்ணுக்கு நகையில்லை. அவளுடைய குணமும் பிரிவின் வலியுமே அழகு. பாடல் வளர வளர அப்பிரிவு, மராத்தி பேசும் பகுதிகள் ஒன்றாகச் சேராமல் பிரிந்து கிடப்பதன் குறியீடாகிறது. மும்பையைத் தலைநகராகக் கொண்ட ஒன்றுபட்ட மகாராஷ்டிரத்திற்கான போராட்டத்தில் 1950களின் பிற்பகுதியில் இப்பாடல் ஊர் ஊராக ஒலித்தது. அப்போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1960 மே 1 அன்று மாநிலம் பிறந்தது. அம்மேடைகளில் அண்ணாபாவும் அமர் ஷேக்கும் கவாண்கரும் பாடாமல் அவ்வியக்கம் அத்தனை மக்களைச் சென்றடைந்திருக்குமா என்பது ஐயமே.

மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள்

மேடையிலிருந்து எழுத்துக்கு வந்த அண்ணாபாவ், மகிழ்விப்பவர்களின் வாழ்க்கையையே இலக்கியப் பொருளாக்கினார். 'வைஜயந்தா' நாவல் தமாஷாவில் ஆடும் பெண்ணின் வாழ்வைப் பேசுகிறது. 1961இல் அது திரைப்படமாகவும் வந்தது. 'மாக்டிச்சா மாள்' நாவலில், குரங்காட்டிகள் முதலாக ஊர் ஊராக அலைந்து வித்தை காட்டிப் பிழைக்கும் நாடோடிகள் வருகின்றனர். வித்தை முடிந்து கூட்டம் கலைந்த பின் அவர்கள் எங்கே உறங்குகிறார்கள், எதை உண்கிறார்கள், எந்தச் சட்டத்திற்கு அஞ்சுகிறார்கள் என்று பார்வையாளர் கேட்பதில்லை. அண்ணாபாவ் கேட்டார். சிரிப்பூட்டுபவருக்குப் பசியும் காதலும் கோபமும் உண்டு என்பதை எழுத ஒருவர் தேவைப்பட்டார். அவரும் அம்மக்களிடமிருந்தே வர வேண்டியிருந்தது.

1958இல் மும்பையில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டை அவர் தொடங்கிவைத்தார். பூமி ஆதிசேடனின் தலைமேல் நிற்கிறது என்ற புராணக் கற்பனையை அங்கே மறுத்து, அது தலித்துகளின், உழைப்பாளர்களின் உள்ளங்கைகளில் நிற்கிறது என்றார். 1959இல் வெளிவந்த 'ஃபகீரா', பட்டினியில் மடியும் மக்களுக்காகக் கருவூலத்தையும் தானியத்தையும் கொள்ளையிட்ட மாங் வீரனின் கதை. குற்றப் பரம்பரை என்று பதிவேட்டில் எழுதப்பட்டவரைப் புரட்சியாளராக எழுதிய அந்நூலை அவர் அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். 1961இல் அதற்கு மாநில அரசின் விருது கிடைத்தது. அதே ஆண்டு சோவியத் ஒன்றியம் சென்றுவந்து பயண நூலும் எழுதினார்.

இவ்வளவுக்குப் பிறகும் மராத்தி இலக்கிய உலகின் நடுமுற்றத்தில் அவருக்கு இருக்கை கிடைக்கவில்லை. அவர் ஷாஹிர், அதாவது பாடகர். இலக்கியவாதி என்று ஏற்கத் தயக்கம். மக்களை மகிழ்விப்பவரின் எழுத்தில் ஆழம் இருக்காது என்ற முன்முடிவு அத்தயக்கத்தின் ஒரு பாதி. மற்றொரு பாதி என்னவென்று இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடதுசாரி இயக்கமும் இக்கேள்விக்கு வெளியே நிற்க முடியாது. தலைவரின் உரைக்கு முன் கூட்டத்தைச் சேர்க்கவும் அமர வைக்கவும் பாடகர் வேண்டும். கொள்கை வகுக்கும் மேசையில் அவருக்கு நாற்காலி உண்டா என்ற கேள்வியைக் கலைஞர்கள் இன்றுவரை எழுப்பி வருகின்றனர். எசமானர் மாறினாலும் மகிழ்விப்பவரின் இடம் மாறாதிருந்தால், மாற்றம் பாதிவழியில் நின்றுவிட்டது என்றுதான் பொருள்.

தம் நாவல்கள் திரைப்படங்களாகிக் கூட்டத்தை ஈர்த்த காலத்தில் அண்ணாபாவ் காட்கோபரின் சிராக் நகர் குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். இறுதியில் கோரேகாவின் சித்தார்த் நகரில் ஒரு சிறு வீடு அவருக்கு ஒதுக்கப்பட்டது. வறுமையும் தனிமையும் அங்கும் உடன் வந்தன. 1969 ஜூலை 18 அன்று, 49 வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில் காலமானார். அடுத்த மாதமே அமர் ஷேக்கும் மறைந்தார். செங்கொடிக் கலைக்குழுவின் இரு பெருங்குரல்கள் ஒரே மழைக்காலத்தில் ஓய்ந்தன.

சிலையும் சிறையும்

இறந்த பின் மரியாதை தாராளமாகக் கிடைத்தது. 2002இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. மகாராஷ்டிரமெங்கும் சிலைகள் எழுந்தன. 2022இல் மாஸ்கோவிலும் ஒன்று. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று எல்லாக் கட்சித் தலைவர்களும் மாலையிடுகின்றனர். சிலை பாடாது, தேர்தலுக்கு வரும் செல்வந்தரைக் கேலி செய்யாது. ஆகவே அது எல்லோரையும் மகிழ்விக்கிறது.

அவரது மரபில் உயிரோடு பாடுவோரின் நிலை வேறு. புனேவைச் சேர்ந்த கபீர் கலா மஞ்ச் என்னும் கலைக்குழு சாதி ஒழிப்பையும் உழைப்பவர் உரிமையையும் பாடி வந்தது. அதன் கலைஞர்கள் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டனர். 2020இல் எல்கர் பரிஷத் வழக்கில் மீண்டும் கைதுகள் நடந்தன. பாடலை இயற்றியவரின் பிறந்தநாளுக்கு விடுமுறை கேட்கும் குரல்களும், அதே தொனியில் பாடுபவருக்குப் பிணை மறுக்கக் கோரும் மனுக்களும் ஒரே மாநிலத்தில் எழுகின்றன. அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் பேச்சுரிமையில் கேலி செய்யும் உரிமையும் அடங்கும் என்பதை நீதிமன்றங்களில் ஒவ்வொரு முறையும் புதிதாக வாதிட வேண்டியிருக்கிறது.

கல்லூரி விழாக்களில் பறை ஒலிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கைதட்டலும் கிடைக்கிறது. இம்மாற்றம் போராடிப் பெற்றது, வரவேற்கத்தக்கது. ஆனால் மேடையேறும் மாணவர்கள் அண்ணாபாவின் வாழ்க்கையை முன்னிறுத்திச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். அழைத்தவர்கள் பறையை மட்டும் அழைத்தார்களா, பறைக்குப் பின்னால் இருக்கும் கோரிக்கையையும் அழைத்தார்களா? விழாக் குழுவில் பறையடிப்பவருக்கு இடமுண்டா, மேடையில் மட்டும்தானா? உதவித்தொகை நிறுத்தப்பட்டதையும் விடுதியின் அவலத்தையும் அந்த மேடையில் பாடலாமா? இன்று கொட்ட மாட்டோம் என்று சொன்னால் அதன்பின் நம்மை எப்படி நடத்துவார்கள்?

மகிழ்விப்பது இழிவான செயலன்று. பசித்த கூட்டத்தை ஓர் இரவு முழுவதும் சிரிக்க வைத்து, விடியும்போது நிமிர்ந்து நடக்க வைப்பது அரிய தொண்டு. அண்ணாபாவ் அதைச் செய்தார். அது தொண்டாக இருக்க வேண்டுமானால், மறுக்கும் உரிமை முதலில் நம் கையில் இருக்க வேண்டும். யாரைச் சிரிக்க வைக்கிறோம், யாரைக் கண்டு சிரிக்க வைக்கிறோம் என்ற முடிவும் நம்முடையதாக இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் ஒலிக்கும் கைதட்டலில், ஹல்கியைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திய பழைய ஊரின் ஓசைதான் கேட்கிறது.